பரிசோதனையைக் கெடுத்தவள்

எங்கள் பள்ளிக் கேன்டீன் காப்பிக்கு உங்கள் போலீஸ் நிலையக் காப்பி எவ்வளவோ தேவலை, ப்ரூயிட் மேடம். வக்கீல் வேண்டுமா என்று கேட்டீர்கள். வேண்டாம். மறைக்க என்னிடம் ஒன்றுமில்லை.

ஆல்டர் கிரீக் அரசுப் பள்ளிதான். கட்டணம் கிடையாது; ஆனால் நுழைவுத் தேர்வு வைத்து, மாவட்டத்தையே சலித்துத்தான் பிள்ளைகளை எடுப்போம். அங்கே உளவியல் வகுப்பு என்னுடையது. அதில் சேர அடித்துக்கொள்வார்கள். பாடப் புத்தகம் நடத்தி வந்த பெயர் அல்ல அது. என் பிள்ளைகள் மனிதர்கள் மீதே பரிசோதனை செய்வார்கள். ஒருவன் நடைவழியில் மயங்கி விழுவான். ஒருத்தி கேன்டீனில் தேம்பி அழுவாள். எல்லாம் நடிப்பு. யார் ஓடி வருகிறார்கள், யார் பார்த்தும் பார்க்காததுபோல் போகிறார்கள் என்று மற்றவர்கள் குறித்துக்கொள்வார்கள். வகுப்பைச் சேர்ந்தவர்கள் மட்டும் குறுக்கே போகக் கூடாது. போனால் பரிசோதனை பாழ். அப்படிப் போகிறவர்களை 'கெடுத்தவன்', 'கெடுத்தவள்' என்று பிள்ளைகள் ஓட்டித் தள்ளிவிடுவார்கள். நான் மதிப்பெண்ணில் கை வைப்பேன்.

இலையுதிர் காலத்தில், ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள். அதுவும் நடிப்பென்று எண்ணி, என் பிள்ளைகள் சுற்றி நின்று குறிப்பெடுத்தார்கள். அவளுடைய அப்பா இறந்த செய்தி அப்போதுதான் வந்திருந்தது என்பது மதியம்தான் எங்களுக்குத் தெரிந்தது. வருத்தம்தான். ஆனால் அவ்வளவு சுத்தமான குறிப்புகளை நான் அதுவரை பார்த்ததில்லை.

குவென்டின் பர்டிக்கு மட்டும் அது உறுத்திக்கொண்டே இருந்தது. வகுப்பிலேயே கெட்டிக்காரன். போன வாரம் ஒரு நாள் காலையில் என் மேசை முன் வந்து நின்றான்.

"சார், இன்னிக்கு சாயங்காலம் கல்வி வாரியக் கூட்டத்துல பேசப்போறேன். இந்த வகுப்பையே நிறுத்தணும்னு. உங்ககிட்ட முதல்ல சொல்லிடறதுதான் மரியாதைன்னு தோணுச்சு."

"தாராளமா பேசுப்பா," என்றேன்.

நல்ல பையன். எனக்கு அவனைப் பிடிக்கும். என் வாழ்நாள் உழைப்பை ஒரே மாலையில் குழிதோண்டிப் புதைக்கப் பார்த்தான். கோபம் வந்தது; இல்லை என்று சொல்லவில்லை.

அவனுக்கு ஆஸ்துமா. பையின் ஓரத்தில் எப்போதும் இன்ஹேலர் இருக்கும். பக்கத்து அறையிலிருந்து நாற்காலி எடுத்துவர அவனை அனுப்பினேன். அதற்குள் இன்ஹேலரை எடுத்து என் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன். வெளியே புல் வெட்டிக்கொண்டிருந்தார்கள்; அந்தத் தூசி அவனுக்கு ஆகாது. ஜன்னலை அகலத் திறந்து வைத்தேன். வகுப்பறையில் காற்றோட்டம் நல்லதுதானே.

பாடத்தின் நடுவில் இரும ஆரம்பித்தான். பையைத் துழாவினான். பிறகு தரையில் சரிந்தான். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தபடி பேனாவை எடுத்தார்கள்.

"செம நடிப்புடா," என்றான் ஒருவன்.

"உதட்டை எப்படிடா நீலமாக்கினான்? மை தடவிட்டானா?"

நான் வாயே திறக்கவில்லை. நடிப்பு என்று சொல்லியிருந்தால் பொய் சொன்னவன் ஆகியிருப்பேன். என் வகுப்பில் நான் பொய் சொன்னதில்லை.

ஒடெட் மட்டும் எழுந்தாள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும், அதிகம் பேசாத பெண்.

"சார், இது நடிப்பு இல்ல சார். அவனுக்கு நிஜமாவே மூச்சு வரல."

"உட்காரும்மா. பரிசோதனையைக் கெடுக்காதே."

அதுவும் பொய்யில்லை. பரிசோதனைதான் நடந்துகொண்டிருந்தது.

"போச்சு, கெடுத்துட்டா," என்று யாரோ முணுமுணுத்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். உட்காரவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு ஓடிப்போய்ப் பள்ளி நர்ஸை இழுத்து வந்தாள். நர்ஸிடம் வேறொரு இன்ஹேலர் இருந்தது. அது என் கணக்கில் வரவில்லை.

குவென்டின் இன்று காலை கண் விழித்தான் என்கிறீர்கள். அவன் சாக வேண்டும் என்றுதான் இன்ஹேலரை எடுத்தீர்களா என்றும் கேட்கிறீர்கள். ஆமாம். அதற்காகத்தான் எடுத்தேன். எழுதிக்கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். வேலையை எடுத்துக்கொள்ளுங்கள், சிறையில் போடுங்கள்.

ஆனால் ஒடெட்டின் மதிப்பெண்ணைத் திருத்தச் சொல்லிப் பள்ளி முதல்வர் ஆள் அனுப்பியிருக்கிறாராம். அது மட்டும் நடக்காது. எனக்கென்று ஒரு நியாயம் இருக்கிறது, மேடம். விதி தெரிந்தும் மீறினாள். அவளுக்குத் தேர்ச்சி கிடையாது.