மிளகாய் மண்டிக்கு மேலே

இந்த ஆஸ்பத்திரி கேன்டீனில் சாயா பரவாயில்லை, மேடம். தூள் கொஞ்சம் பழசு, அவ்வளவுதான். நான் போனக்காட்டுத் தேயிலை எஸ்டேட்டில், கூலிக்காரர் லயத்து வீட்டில் பிறந்தவள். தூள் பழசா புதுசா என்று வாயில் வைக்கும் முன்பே மணத்தில் தெரிந்துவிடும். நீங்களும் குடியுங்கள், ஆறிப்போகிறது.

தமிழிலேயே சொல்கிறேன். நீங்கள் பாறசாலைக்காரர், எல்லை ஊர், புரியும். மலையாளத்தில் பேசினால் எனக்கு ஸ்கூலில் டீச்சர் முன்னால் நிற்கிற மாதிரி ஆகிவிடும். சற்றுமுன் வார்டில் நீங்கள் வாக்குமூலம் எடுக்கும்போது நாதலி சொன்னதை நான் உங்களுக்கு முழுதாகச் சொல்லவில்லை. அதைச் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது. உங்களுக்கு அவசரம் ஒன்றும் இல்லையே. அவளும் எங்கேயும் எழுந்து போகப்போவதில்லை.

எங்கள் லயத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். இரண்டாம் மொழிக்கு ஹிந்தியில் இடம் முடிந்துவிட்டது, பிரெஞ்சு வகுப்பில் பெஞ்சு காலியாகக் கிடந்தது. அப்படிப் படித்ததுதான் பிரெஞ்சு. பாரிஸ் கனவெல்லாம் கிடையாது. எம்.ஏ. முடித்ததும் விஜயம் மாமியின் ட்ரஸ்டில் சேர்ந்தேன். மாமி கோட்டைக்குள் அக்ரஹாரத்துக்காரர். மகளைப் பிரான்சில் கட்டிக்கொடுத்திருக்கிறார். இந்த ஊரில் பிரெஞ்சு மட்டும் தெரிந்த ஒருத்தி அடி வாங்கினால் யாரிடம் போய்ச் சொல்வாள் என்று ஒருநாள் அவருக்குத் தோன்றியதாம். நல்ல மனசுதான். காங்கோவிலிருந்து படிக்க வந்த பெண்கள், மடகாஸ்கர்காரிகள், கோவளத்திலும் வர்க்கலையிலும் நம் ஊர் ஆட்களைக் கட்டிக்கொண்டு மாட்டிக்கொண்டவர்கள் என்று நிறையப் பேர் வந்தார்கள். மாமியின் பிரெஞ்சு வணக்கம் சொல்வதைத் தாண்டாது. அதனால் ஸ்டேஷன், கோர்ட், ஆஸ்பத்திரி எல்லாம் நான்தான். அவர்கள் அழுதுகொண்டே சொல்வார்கள், நான் அழாமல் சொல்வேன். வேலை அதுதான்.

ஆரியசாலையில் மிளகாய் மண்டிக்கு மேலே அந்த மாடி வீட்டைப் பிடித்ததும் நான்தான். புதிதாக வருகிறவர்கள் முதல் வாரம் முழுக்கத் தும்மிக்கொண்டிருப்பார்கள். எந்தப் புருஷனும் வெளிநாட்டுப் பொண்டாட்டியை மிளகாய் மூட்டைக்கு நடுவில் தேட மாட்டான். கதவுக்கு ஒரு சட்டம் வைத்திருந்தேன். இரண்டு பேருக்குத்தான் திறக்கலாம். எனக்கு, இல்லையென்றால் போலீசுக்கு. வேறு யார் தட்டினாலும் மூச்சுவிடக் கூடாது. அந்தச் சட்டம் ஒரு தடவைகூடத் தவறியதில்லை, மேடம். இந்தத் தடவையும் தவறவில்லை.

நாதலி ரீயூனியன் தீவுக்காரி. முழுப் பெயர் நாதலி மாரிமுத்து. அவள் வாயில் அது மரிமூத்தூ. அவளுடைய தாத்தாவின் தாத்தாவைக் கரும்புக் காட்டுக்குக் கப்பலேற்றினார்கள், என்னுடையவரைத் தேயிலைக் காட்டுக்கு மலையேற்றினார்கள். இதைச் சொன்னதும் அவளுக்குக் கண் நிறைந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அவளுக்குப் பிரெஞ்சு பாஸ்போர்ட் கிடைத்தது, எனக்கு ரேஷன் கார்டு. தமிழ் ஒரு சொல் தெரியாது. "அக்கா" என்று கூப்பிட நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

லிஜோவை உங்களுக்குத் தெரியும். கோவளத்தில் உழிச்சில் நிலையம், எண்ணெய் தேய்த்து உடம்பு பிடித்துவிடுகிற இடம். முதுகு வலி என்று வந்தவளைக் கட்டிக்கொண்டான். பிறகு அதே முதுகில் என்ன செய்தான் என்று உங்கள் ஃபைலில் படம் இருக்கிறது.

அவளை எல்லோருக்கும் பிடித்தது. அதை மறுக்க மாட்டேன். புதிதாக வருகிறவள் பக்கத்தில் போய் உட்காருவாள், தலை வாரிவிடுவாள். நான் உட்கார மாட்டேன். எனக்கு அடுத்த கேஸ் இருக்கும்.

மழைக்காலம் முடிந்ததும் மாமி மகளோடு இருக்க லியோனுக்குக் கிளம்பினார். போவதற்கு முன்னால் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"இசக்கி, நேக்கு முட்டு ரெண்டும் போயாச்சு. இனிமே பொண்ணாத்துலதான். ட்ரஸ்டை நாதலி பாத்துப்பா, கேட்டியோ. அனுபவிச்சவதான் தலைமைக்கு வரணும்னு பாரிஸ்லேர்ந்து பணம் குடுக்கறவா சொல்றா. நீ எப்பவும் போல கூட நின்னு பேசிக் குடு."

"பேசுறது பூரா நான்தானே மாமி. தலைமையும் நானா இருந்தா என்ன?"

"நீ படிச்ச பொண்ணாக்கும். நோக்கு என்ன குறை? அவ அடி பட்டவ."

என் அம்மா அடி பட்டது தமிழில், மேடம். அப்பா அடிக்கும்போது பக்கத்து வீட்டில் ரேடியோ சத்தத்தைக் கூட்டுவார்கள். அவ்வளவுதான் உதவி. அதற்கு ட்ரஸ்ட் கிடையாது, பாரிஸில் ஆள் கிடையாது. இதையெல்லாம் நான் மாமியிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் என்னையும் கட்டிப்பிடித்திருப்பார்.

அன்று சாயங்காலம் நாதலி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "எனக்கு இந்த ஊர்ப் பேச்சு தெரியாது அக்கா. நீ என் வாயாக இரு." அன்பாகத்தான் சொன்னாள். நானும் சரி என்றேன்.

போன சனிக்கிழமை காலையில் அவளை உங்கள் ஸ்டேஷனுக்குக் கூட்டிவந்தேன். உங்களுக்கு ஜலதோஷம், மேசையில் விக்ஸ் டப்பா இருந்தது. அவள் உங்களைப் பார்த்துச் சொன்னது இதுதான். மண்டிக்கு எதிரே சாயாக்கடையில் லிஜோ நிற்கிறான். ஜன்னலில் அவளைப் பார்த்துவிட்டு, குடித்துக்கொண்டிருந்த கிளாஸைத் தூக்கிக் காட்டினான். படியேறி வருவான். பிடித்து உள்ளே போடுங்கள், இல்லையென்றால் காவலுக்கு ஆள் போடுங்கள்.

நான் உங்களிடம் சொன்னது: பாஸ்போர்ட் புருஷன் கையில் இருக்கிறது, வாங்கித்தர வேண்டும்.

"பேடி உண்டோ?" என்று கேட்டீர்கள். பயம் ஒன்றும் இல்லையாம் என்றேன். கை ஏன் நடுங்குகிறது என்றீர்கள். ராத்திரி முழுக்கக் காய்ச்சல் என்றேன். நீங்கள் எழுதிக்கொண்டீர்கள். உங்கள் மேல் தப்பு சொல்ல மாட்டேன். வாய் சொல்வதைத்தானே கை எழுத முடியும். திங்கட்கிழமை வாருங்கள், அவனைக் கூப்பிட்டுப் பேசலாம் என்றீர்கள். அதை நான் அவளிடம் என்னவென்று சொன்னேன் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

மத்தியானம் வீட்டிலிருந்த மற்ற பெண்களையும் பிள்ளைகளையும் வேனில் ஏற்றிக் கல்லாற்றுக்குக் கூட்டிப்போனேன். ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்றுதான் அன்றைக்கே கூட்டிப்போனேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒரே பக்கமாக எழுதினால் நியாயமாக இருக்காது. பிள்ளைகள் ஆற்றில் கால் நனைத்தார்கள். கடையில் பழம்பொரி சூடாகப் போட்டுக்கொண்டிருந்தான். மண்டியிலிருந்து போன் வந்தபோது எல்லோருக்கும் வாங்கிக்கொடுத்துவிட்டுத்தான் எடுத்தேன்.

லிஜோ அவளை மாடிப்படியிலிருந்து தூக்கிப் போட்டிருக்கிறான். கீழே மிளகாய் மூட்டை கிடந்ததால் உயிர் இருக்கிறது என்றார்கள். மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர்கள் அவனை ஓடவிடாமல் பிடித்து வைத்துக்கொண்டார்கள். நான் வரும்வரை மண்டியில் எல்லோரும் தும்மிக்கொண்டிருந்தார்களாம்.

என் போனை எடுத்துப் பாருங்கள். லிஜோவுக்கு நான் ஒரு கால் செய்ததில்லை, ஒரு மெசேஜ் அனுப்பியதில்லை. அவனாகத் தேடி வந்தான், அவனாகப் படியேறினான். அவன் வருவதை நான் சொல்லவில்லை. அவ்வளவுதான் என்று நேற்றுவரை எனக்கே தோன்றியது.

இன்று வாக்குமூலம் எடுக்க நீங்கள் என்னையே கூப்பிட்டீர்கள். வேறு யாரைக் கூப்பிடுவீர்கள். கட்டிலில் அவள் என்னைப் பார்த்ததும் சிரிக்கப் பார்த்தாள். "அக்கா" என்றாள். பிறகு உங்கள் பக்கம் கண்ணைத் திருப்பிக்கொண்டு பேசினாள். நான் உங்களிடம், ரொம்ப வலிக்கிறது என்கிறாள், நாளைக்கு வரலாம் என்றேன். நீங்கள் பேனாவை மூடவில்லை.

"போலீஸ் எந்நு பறஞ்ஞல்லோ. என்தா அது?"

போலீஸ் என்று அவள் சொன்னது உங்கள் காதில் விழுந்துவிட்டது. அந்தச் சொல் பிரெஞ்சிலும் போலீஸ்தான், மேடம். அதை என்னால் ஒன்றும் செய்ய முடியாது. சாயா குடித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். குடித்தாயிற்று.

அவள் சொன்னது இது: "மேடத்திடம் கேள் அக்கா. போலீஸ் ஏன் வரவில்லை? ஜன்னல் பக்கம்கூடப் போகாமல் காத்துக்கொண்டிருந்தேன். கதவு தட்டியதும் அவர்கள்தான் என்று ஓடிப்போய்த் திறந்தேன்."

ஸ்டேஷனில் நீங்கள் திங்கட்கிழமை வரச் சொன்னீர்கள். நான் அவளிடம் சொன்னது: மேடம் காவலுக்கு ஆள் அனுப்புகிறார். யூனிஃபார்ம் இல்லாமல் வருவார். சாயங்காலம் வந்து தட்டுவார். நீ கல்லாற்றுக்கு வராமல் வீட்டிலேயே இரு, தட்டினதும் திறந்துவிடு. அவள் எழுந்து உங்கள் கையைப் பிடித்து நன்றி சொன்னாள். நீங்களும் சிரித்தீர்கள். அந்த நன்றியை மட்டும் நான் சரியாகச் சொன்னேன்.

அவளுக்கு இப்போதும் என் மேல் சந்தேகம் இல்லை. உங்கள் மேல்தான்.

மாமி நாளன்றைக்கு வந்து இறங்குகிறார். மகளையும் கூட்டிவருகிறாராம், மகளுக்குப் பிரெஞ்சு தண்ணீர் பட்ட பாடு. அதற்காகவோ, நீங்கள் கேட்டதற்காகவோ நான் இதைச் சொல்லவில்லை. நானாகத்தான் சொன்னேன் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

கையெழுத்து எங்கே வேண்டுமானாலும் போடுகிறேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். காலையில் பெரிய டாக்டர் வருவார். காலில் ஊசியால் குத்தி, உணர்ச்சி தெரிகிறதா என்று கேட்பார். காலேஜிலிருந்து யாரையாவது பிடித்து நிறுத்துவீர்கள், அவர்களுக்கு அவளுடைய தீவுப் பேச்சு பாதி புரியாது. அந்த நேரத்துக்கு மட்டும் என்னை உள்ளே விடுங்கள், மேடம். பாவம், அவளுக்கு இந்த ஊரில் என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்.