நெருப்புக்கும் மூச்சு வேண்டும் என்று சொன்ன பில்டர் அக்காவுக்கு

கொதிக்கும் கோடையில் குளிர்ச்சியையும், கொடுங்குளிரில் கதகதப்பையும் வீடுதோறும் கொண்டு சேர்த்த கரங்களுக்கு உரியவரே, குழாயின் முனகலிலேயே கோளாறின் குரலைக் கண்டுகொள்ளும் கூர்செவியரே, எங்கள் பணிமனையின் மூத்த பழுதுநீக்குநரே, அன்பு அக்கா அவர்களே, வணக்கம்.

எந்த வீட்டிலிருந்து எந்தக் குறை வந்தாலும் “ஏசி பில்டரை எப்பக் கழுவுனீங்க?” என்றே முதலில் கேட்டீர்கள், அதனால் எங்களுக்குப் பில்டர் அக்கா ஆனீர்கள். முப்பத்தொரு ஆண்டுகள் ஏணி ஏறினீர்கள், தூசி தின்றீர்கள், துருவோடு மல்லுக்கட்டினீர்கள். இத்தகைய மடலில் பண்புகளை அடுக்குவதே முறை. ஆனால் சென்ற குளிர்காலத்தில் நிகழ்ந்தது இன்னும் எங்கள் நெஞ்சைவிட்டு இறங்கவில்லை. அதைச் சொல்லாமல் தங்களை வழியனுப்ப எங்களுக்கு மனம் வரவில்லை.

நம் அலுவலகத்தில் தொலைபேசி எடுப்பவர் ஹலோ அண்ணன். “கேஸ் ஹீட்டர் ரூம் சுவத்துல காத்து வர்ற துவாரத்த அடைச்சிடாதீங்க” என்று நாள் முழுக்க ஊருக்கே ஓதுபவர். அன்று மதியம் அவருடைய மனைவி வீட்டிலிருந்து அழைத்தார். கையில் சாப்பாடு இருந்ததால் அண்ணன் ஸ்பீக்கரில் போட்டார்.

“என்னங்க, நேத்துலேருந்து எல்லாருக்கும் தலைவலி. சின்னவன் வாந்தி எடுத்துட்டுத் தூங்குறான். கடைக்குப் போனப்ப நல்லாத்தான் இருந்தேன், வீட்டுக்குள்ள வந்ததும் மறுபடியும் தலை சுத்துது.”

“எல்லாம் உன் சமையல் செய்யுற வேலை. மாத்திரை போட்டுட்டுப் படு” என்று அண்ணன் சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.

தாங்கள் சிரிக்கவில்லை. மேசையைச் சுற்றி வந்து தொலைபேசியைப் பிடுங்கினீர்கள். “அம்மாடி, நான் சொல்றத மட்டும் கேளு. பிள்ளைங்கள எழுப்பி வெளிய கூட்டிட்டு வா. செருப்பு, ஸ்வெட்டர் எதையும் தேடாத. கதவத் திறந்தே போட்டுடு.”

“சின்னவன் எழுந்திருக்க மாட்டேங்குறான் அக்கா.”

“இழுத்துட்டு வா.”

அதன்பின் நாற்காலி ஒன்று விழும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றுமே கேட்கவில்லை.

ஹலோ அண்ணன் சாப்பாட்டை அப்படியே போட்டுவிட்டு எழுந்தார். முந்தின நாள் மாலை, ஹீட்டர் அறையில் துணி துவைக்கும்போது மனைவியின் காலில் குளிர்காற்று அடிக்கிறதே என்று, அதன் சுவர்த் துவாரத்தில் பழைய போர்வை ஒன்றைத் திணித்தது அவர்தான். வீடு நன்றாகச் சூடேறியது என்று காலையில் எங்களிடம் பெருமையும் அடித்துக்கொண்டார். இப்போது அதைச் சொல்லவும் தாங்கள் நேரம் கொடுக்கவில்லை. ஆம்புலன்ஸுக்குச் சொல்லும்படி எங்களிடம் கூறிவிட்டு, அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வண்டிக்கு ஓடினீர்கள்.

தெருமுனை திரும்பியதும் ஆம்புலன்ஸ் தெரிந்தது. நடைபாதையில் வெறுங்காலோடு மனைவியும் மகளும் அமர்ந்திருந்தார்கள். சின்னவன் தரையில் கிடந்தான். முகத்தில் ஆக்ஸிஜன் மாஸ்க். அண்ணனுக்கு வண்டியின் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதே மறந்துபோயிற்று. கைப்பிடியைப் பற்றியபடி உட்கார்ந்திருந்தார்.

வண்டியிலிருந்த காற்றுச் சிலிண்டரையும் முகமூடியையும் மாட்டிக்கொண்டு தாங்கள் உள்ளே போனீர்கள். கேஸை மூடி, ஜன்னல்களைத் திறந்து, போர்வையை உருவிக்கொண்டு வெளியே வந்தீர்கள். அதைப் பார்த்ததும் அண்ணன் வண்டியில் இருந்தபடியே ஒப்புக்கொண்டார்.

“நான்தான் அடைச்சேன் அக்கா.”

“தெரியும். நெருப்புக்கும் மூச்சு வேணும் தம்பி. அது கிடைக்கலன்னா நம்ம மூச்சுல கைவைக்கும். உன் சின்னவன் கண்ணு முழிச்சுட்டான், இறங்கு.”

போர்வையைச் சுருட்டி வண்டியின் பின்னால் போட்டீர்கள் தாங்கள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன் என்று அண்ணன் எங்களிடம் சொன்னார். நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு என்னும் ஒரு வாயு, நாங்கள் சிரித்துக்கொண்டிருந்த வேளையில் ஒரு குடும்பத்தையே வாரிக்கொண்டு போக இருந்தது.

அந்த வாரமே எங்கள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் ஏணியோடு வந்து நின்றீர்கள். ஊருக்கெல்லாம் உபதேசம் செய்யும் எங்கள் சாயம் அப்போது வெளுத்தது. மேலாளர் வீட்டு ஏசியின் பில்டர் தலையணைபோல் தடித்திருந்தது. கணக்கர் வீட்டு நச்சுவாயு அலாரத்துக்குள் பேட்டரியே இல்லை. அது டிவி ரிமோட்டில் இருந்தது. உதிரிபாகக் கிடங்குக்காரரின் ஹீட்டரில், நீலமாக எரிய வேண்டிய தீ காற்றுப் போதாமல் மஞ்சளாக எரிந்தது. அவருடைய மாமியார் அந்த அறையை ஒட்டித்தான் படுப்பாராம். அதை அங்கேயே அணைத்துச் சரிசெய்த பிறகுதான் ஏணியைத் தூக்கினீர்கள்.

அக்கா, பணி ஓய்வு பெற்றுத் திங்கட்கிழமை முதல் தாங்கள் வரமாட்டீர்கள் என்பது இன்னும் எங்கள் மண்டையில் ஏறவில்லை. சிரிப்புக்கு நடுவில் இனி யார் செவிசாய்ப்பார் என்ற திகைப்போடுதான் இம்மடலை வாசிக்கிறோம்.

முழங்கால் வலி தீர்ந்து, ஏணியை மறந்து, நல்ல காற்றும் நிறைந்த உறக்கமும் நீங்காத நலமும் பெற்று, நெடுங்காலம் நீடு வாழ்க என நெஞ்சார வாழ்த்துகிறோம்.

தங்கள் அன்பை மறவாத,
பணிமனை ஊழியர்கள் அனைவரும்;
ஹலோ அண்ணனின் மனைவி, மகள்,
மற்றும், எழுத்துக்கூட்டித் தானே தன் பெயரை எழுதுவேன் என்று அடம்பிடித்து, இதன் அடியில் பாதி இடத்தை எடுத்துக்கொண்ட சின்னவன்.