முக்கால் லிட்டர் தண்ணீர்

ஆஸ்பத்திரியில் என் பெயரே சிரிப்புத் தம்பிதான், ஐயா. கதிர்வீச்சு அறையில் இன்று என் முறை என்று தெரிந்தாலே வெளியே காத்திருப்பவர்களுக்குப் பாதி நோய் போய்விடும். விசாரணைக் குழுவினர் இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடிவயிற்றில் புற்றுநோய் உள்ளவர்களை மேசையில் படுக்க வைப்பது என் வேலை. தோலில் குத்திய புள்ளிகளும் சுவரிலிருந்து விழும் பச்சை ஒளிக்கோடுகளும் பொருந்த வேண்டும். அதில் மயிரிழை பிசக மாட்டேன். மிச்சம் தண்ணீர்தான். படுக்கும் முன் அவர்கள் முக்கால் லிட்டர் குடித்துவிட்டு ஒரு மணி நேரம் அடக்கிக்கொண்டிருக்க வேண்டும். சிறுநீர்ப்பை நிறைந்தால் குடலை மேலே தள்ளிவிடும், கதிர் அதன்மேல் படாது. நிறைந்ததா என்று கருவி வைத்துப் பார்த்து எழுதுவதும் நான்தான்.

முதலில் கேட்டது ஒரு டீச்சர்.

"தம்பி, முட்டிக்கிட்டு வருது. ஒரே ஒரு தடவை போயிட்டு வந்துடட்டுமா?"

"ஒரு தடவை என்ன டீச்சர், மகாராணி மாதிரி போயிட்டு வாங்க."

திரும்பி வந்தபோது அந்த முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். கையெடுத்துக் கும்பிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. 'நிறைந்துள்ளது' என்று எழுதிவிட்டு வேலையை முடித்தேன். மறுநாள் இன்னும் இரண்டு பேர் கேட்டார்கள். அதன்பின் யாரையும் கேட்கவே விடவில்லை, கழிப்பறைக் கதவை நானே திறந்து பிடித்துக்கொள்வேன். ஒரே கேலி, ஒரே கும்மாளம். சிறந்த ஊழியர் என்று சுவரில் என் படத்தை மாட்டினார்கள்.

பதினெட்டுப் பேருக்குக் குடல் வெந்துபோனது என்கிறீர்கள். டீச்சருக்கு வெட்டியே எடுத்துவிட்டு, வயிற்றில் துளை போட்டுப் பை மாட்டியிருக்கிறார்கள். போய்ப் பார்த்தேன். "உன் கைராசிப்பா, இந்த மட்டும் பொழைச்சேன்" என்று என் கன்னத்தைத் தடவினார். அன்று முழுக்க நான் தரையிலேயே நடக்கவில்லை.

இவ்வளவு தூரம் போகும் என்று எனக்குத் தெரியாது என எழுதிக் கொடுத்திருக்கிறேன். அது பொய்.

என் முறையில் வந்தவர்களின் பட்டியலில் ஒருவருக்கு மட்டும் குடலில் ஒரு கீறல்கூட இல்லையே, எப்படி என்று கேட்டீர்கள். அது என் அக்கா. அதே நோய், அதே மேசை. இருபத்தைந்து நாளும் ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடிக்க வைத்தேன். கழிப்பறைக் கதவுக்குக் குறுக்கே நின்றேன்.

"ஊரையே சிரிக்க வைக்கிற, கூடப்பொறந்தவளை மட்டும் ஏண்டா இந்தப் பாடு படுத்துற?" என்று அழுதாள்.

இன்றுவரை அவள் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. எனக்கு வருத்தமென்றால் அது ஒன்றுதான், ஐயா.