வெளிப்பக்க ஜவ்வு

டாக்டர்: குளிக்கும்போது வழுக்கி விழுந்தீங்க. அப்படித்தானே அம்மா?

மாமியார்: ஆமா டாக்டர். சோப்பு. பாழாப்போன சோப்பு.

மருமகள்: பாசின்னு சொன்னீங்களே அத்தை...

மாமியார்: பாசி மேல சோப்பு. நீ வாயை மூடு.

டாக்டர்: கால் கட்டைவிரலை மேல தூக்குங்க... ம், நரம்பு தப்பிச்சுது. முட்டியிலதான் ரெண்டு ஜவ்வு போயிருக்கு. நடுவுல ஒண்ணு, வெளிப்பக்கம் ஒண்ணு.

மாமியார்: மொத்தம் நாலுன்னு என் பையன் சொன்னானே. பாதி மிச்சம் இருக்குல்ல?

டாக்டர்: நாற்காலிக்கு ரெண்டு கால் ஒடிஞ்சா, பாதி இருக்குன்னு உட்காருவீங்களா?

மாமியார்: முட்டிக்குப் பட்டை ஏதாவது மாட்டி அனுப்புங்க டாக்டர். ஐம்பத்தொரு வயசுல எதுக்கு ஆபரேஷன்?

டாக்டர்: வயசை மட்டும் வச்சு முடிவு பண்றதில்ல. இனிமே இந்த முட்டியை வச்சு என்ன பண்ணப் போறீங்க? அதைச் சொல்லுங்க.

மாமியார்: டிக்கெட் கவுன்ட்டர்ல உட்காருவேன். வீட்டுக்கு வருவேன். டிவி பார்ப்பேன்.

மருமகள்: ம்க்கும்...

டாக்டர்: என்னம்மா, தொண்டையில?

மருமகள்: ஒண்ணுமில்ல டாக்டர்... கொஞ்சம் ஓட்டமும்...

மாமியார்: பஸ்ஸுக்கு! பஸ்ஸுக்கு ஓடுவேன்.

டாக்டர்: வெளிப்பக்க ஜவ்வு சும்மா கிழியாதும்மா. உள்பக்கத்துல இருந்து யாராவது ஓங்கி மோதணும். உங்க குளியலறையில எத்தனை பேர் இருந்தாங்க?

மருமகள்: சொல்லிடலாம் அத்தை.

மாமியார்: இவர் உன் புருஷன் கூட ஒரே பெஞ்சுல படிச்சவர்டி! சாயங்காலமே அவன் காதுக்குப் போயிடும்.

டாக்டர்: எதுவும் இந்த அறையைத் தாண்டாது. அவன் பரீட்சையில என்னைப் பார்த்துக் காப்பி அடிச்சதையே நான் யார்கிட்டயும் சொன்னதில்ல.

மாமியார்: இப்ப சொல்லிட்டீங்களே!

டாக்டர்: அது... சரி, நீங்க சொல்லுங்க.

மாமியார்: ஃபுட்பால்.

டாக்டர்: என்னது?

மாமியார்: ஞாயித்துக்கிழமை காலையில. பையன்கிட்ட, நாங்க ரெண்டு பேரும் வாக்கிங் போறோம்னு சொல்லியிருக்கோம். மூணு வருஷமா.

மருமகள்: அத்தை முன்வரிசை ஆட்டக்காரி டாக்டர். போன வருஷம் பதினோரு கோல்.

மாமியார்: பன்னிரண்டு.

டாக்டர்: அப்போ கதையே வேற. டிவி பார்க்க மட்டும்னா பட்டையோட ஓட்டலாமான்னு யோசிச்சிருப்பேன். ஓடித் திரும்பினா இந்த முட்டி காலை வாரிவிட்டுரும். ரெண்டு ஜவ்வையும் சேர்த்தே சரிபண்ணணும். நடுவுல இருக்கறதை மட்டும் மாத்தினா, வெளிப்பக்கம் தளர்ந்து, புதுசும் அறுந்து போகும். ரொம்பத் தள்ளிப்போடவும் கூடாது. வீக்கம் வடியட்டும், அடுத்த வாரம் வச்சுக்கலாம்.

மாமியார்: திரும்ப... ஆடுவேனா?

டாக்டர்: ஆறு வாரம் ஊன்றுகோல். ஏறக்குறைய ஒரு வருஷம் பயிற்சி. நல்லா நடப்பீங்கன்னு நம்பிச் சொல்றேன். ஆட்டத்துக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன்.

மாமியார்: ஒரு வருஷமா!

டாக்டர்: ஆமா, யார் அந்த மாடு, இப்படி வந்து முட்டினது?

மாமியார்: முகம் தெரியல. வெயில் கண்ணைக் கூசுச்சு.

மருமகள்: மாடு நான்தான் டாக்டர்.

டாக்டர்: நீங்களா! ஒரே டீம் இல்லையா?

மாமியார்: வீட்டுல பார்க்கற மூஞ்சியை அங்கேயும் பார்க்கணுமா? எதிர் டீம்.

மருமகள்: மூணு நாளா எனக்குத் தூக்கமே இல்ல அத்தை. ஆபரேஷன் பண்ணிக்கோங்க. இல்லேன்னா நீங்க நொண்டும்போதெல்லாம் நான்...

மாமியார்: ச்சீ, அழாதே. மாமியார் காலை ஒடிச்ச மருமகள்னு ஊர் பேசக் கூடாதுன்னுதானே இத்தனை பொய் சொன்னேன்!

டாக்டர்: அப்போ ஆபரேஷனுக்குக் கையெழுத்து?

மாமியார்: போடறேன். ஆனா இவ முதல்ல ஒண்ணு சொல்லணும். பந்தைத்தான் உதைச்சேன்னு நடுவர்கிட்ட சத்தியம் பண்ணா. நான் கீழ கிடந்து கேட்டுக்கிட்டே இருந்தேன். சொல்லுடி... பந்தா, காலா?

மருமகள்: ...கால்தான் அத்தை. பந்து அப்பவே போயிடுச்சு.