அடக்கப் பூசையில் கேட்ட பேர்

“எம் புருஷன ஒங்க வேதத்துக்கு மாத்தியா பொதச்சீங்க, அண்ணாச்சி?”

திரேஸ்புரம் பஸ்ஸில் என் முன்சீட்டில் இருந்த பிள்ளைத்தாச்சிப் பெண் கேட்டாள். குவைத்தில் நடந்த அடக்கப் பூசை அவள் போனில் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்றவர், அங்கே அவள் புருஷனோடு வேலை பார்த்த காயல்பட்டினத்துக்காரர்.

“இல்லம்மா. ஒங்க சாமியார்தான் செபம் சொன்னாரு. அரபுக்காரரு.”

“பெறகு ஏன் அல்லாஹ்ங்காரு?”

“அரபுல கடவுளுக்கு அதாம்மா பேரு, அங்க உள்ள ஒங்க வேதக்காரங்களுக்கும். எங்க நபிக்கும் முந்துன சொல்லு. அவங்க வாப்பா பேரே அப்துல்லாஹ். அல்லாஹ்வோட அடிமைன்னு அர்த்தம். நபி பொறக்கதுக்கு முன்னாலயே வாப்பா மவுத்தாயிட்டாங்க.”

அவள் போனை அணைத்தாள். இரண்டு நிறுத்தம் தாண்டியபின், வயிற்றில் கை வைத்தபடி கேட்டாள்.

“அப்போ அந்தப் பிள்ளையும் அப்பா மொகத்தப் பாக்கலியா?”