மில்லுக்குள் ஓட்டுப்பெட்டி கொண்டுவந்த மெகராஜ் பேகம்

மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, மறைந்த மெகராஜ் அக்காவின் மகன் ஆபித் அவர்களே, ஷிப்ட் முடிந்த கையோடு செட்டியார்பட்டியிலிருந்து ராஜபாளையத்துக்கு ஓடிவந்திருக்கும் தொழிலாளர்களே! மில் தொழிலாளர் கமிட்டித் தலைவர் பொன்னுராஜின் வணக்கம்.

அழுவதற்காக நான் மைக்கைப் பிடிக்கவில்லை. போராளி மெகராஜ் பேகம் அவர்களைப் பற்றிப் பேசினாலே என் குரல் உயர்ந்துவிடுகிறது!

எட்டு ஆண்டுகளுக்கு முன், நம் பேண்டேஜ் துணியை வாங்கும் ஐரோப்பியக் கம்பெனியிலிருந்து ஓர் அம்மையார் மில்லைப் பார்க்க வந்தார். தொழிலாளர் கமிட்டி இருந்தால்தான் ஆர்டர் என்பது அவர்கள் விதி. நிர்வாகம் தானாகவே ஏழு பேரை எழுதிக் கொடுத்தது. அதில் நானும் ஒருவன்! ‘இவர்கள்தான் உங்கள் பிரதிநிதிகளா?’ என்று கேட்டார். ஏழு பேரும் தலையை ஆட்டினோம். அக்கா ஒருவர்தான் முன்னே வந்தார்.

“ஏம்மா, ஒங்க ஊர்ல ஓட்டுப் போட்டுத்தானே ஆளுகள எடுக்கிறீக? எங்களுக்கு மட்டும் எதுக்கு லிஸ்ட்டு?”

மொழிபெயர்ப்பவர் தயங்கினார். “நான் சொன்னத அப்படியே சொல்லுங்க சார்!”

‘அது உங்கள் மில்லின் சொந்த விஷயம்’ என்றார் அம்மையார்.

“எங்க துணிதான் ஒங்க ஆஸ்பத்திரில காயத்தக் கட்டுது. துணி வேணும், எங்க பேச்சு வேண்டாமா?”

மறுநாளே அக்காவுக்கு வேலை போனது. கலங்கினாரா? இல்லை! நாற்பத்தோரு நாள் மில் கேட்டில் நின்றார். அந்த அம்மையாரின் நாட்டு நர்ஸுகளின் சங்கத்துக்குக் கடிதம் அனுப்பினார். நர்ஸுகள் ஆஸ்பத்திரிகளைக் கேட்டார்கள். ஆஸ்பத்திரிகள் கம்பெனியைக் கேட்டன. கம்பெனி நம் நிர்வாகத்தை நெருக்கியது. அக்காவுக்கு வேலை திரும்பியது. கேன்டீனுக்குள் ஓட்டுப்பெட்டி வந்தது!

தலைவர் பதவிக்கு அக்கா நின்றார். எதிர்த்து நின்றவன் நான். நிர்வாகம் எனக்காக வேலை பார்த்தது. நாலே ஓட்டில் அக்கா தோற்றார். முதலில் கைதட்டியது யார்? அவரேதான்!

“அக்கா, நீங்க கொண்டாந்த ஓட்டுல நீங்களே தோத்துட்டீகளே...”

“தோத்தா என்னலே? எண்ணித்தானே தோத்தேன்! இனிமே நீ அவுக ஆளு இல்ல, எங்க ஆளு. நாளைக்கே பஞ்சுத் தூசிக்கு மாஸ்க் கேளு, போ!”

கேட்டேன், தோழர்களே! வாழ்க்கையில் முதல்முறையாக முதலாளிக்கு எதிரே உட்கார்ந்து கேட்டேன். கிடைத்தது!

போன வியாழக்கிழமை நெஞ்சுவலி அக்காவைக் கொண்டுபோய்விட்டது. வெள்ளிக்கிழமையே நிர்வாகம் சொல்கிறது, இந்த ஆண்டு தேர்தல் வேண்டாமாம், பட்டியலே போதுமாம்! வெளிநாட்டுக் கம்பெனியும் மௌனம் காக்கிறது. விடுவோமா? வரும் பதினான்காம் தேதி வாக்குப்பதிவு நடந்தே தீரும். கேன்டீனைப் பூட்டினால் தெருவில் நடத்துவோம்! நர்ஸுகளுக்கு நேற்றே எழுதிவிட்டேன்.

நான் இனி நிற்கப்போவதில்லை. தலைவர் பதவிக்கு யார் நிற்கிறீர்கள்? இப்போதே கையை உயர்த்துங்கள்!

அதோ, கடைசி வரிசையில் ஒரு கை! முனீஸ்வரியா? வழி விடுங்கள், வழி விடுங்கள். மேடைக்கு வாம்மா!