பதிமுகத் தண்ணீர்

எங்கள் வீட்டுக் குடிதண்ணீர் எப்போதும் இளஞ்சிவப்பாகத்தான் இருக்கும், சார். பதிமுகம் போட்டுக் கொதிக்கவைத்து ஆறவைத்தது. நீங்கள் இந்த ஊர்க்காரர், உங்கள் வீட்டிலும் இதுதான் இருக்கும். சாலைக் கடைத்தெருவில் எந்த நாட்டு மருந்துக் கடையிலும் அந்த மரச்சீவல் கிடைக்கிறது. ஒரு பிடி போட்டால் பானை முழுக்க நிறம் இறங்கிவிடும். குடியுங்கள். உங்கள் கான்ஸ்டபிள் தம்பி ஏன் தம்ளரை முகர்ந்து பார்க்கிறார்? அதில் ஒன்றும் இல்லை.

என் கணவர் சிவதாணு எப்படி இறந்தார் என்று கேட்டீர்கள். முதலில் இருந்தே சொல்கிறேன். எனக்கு எதையும் பாதியில் தொடங்கப் பிடிக்காது.

அவருக்கு அந்தச் சாலைக் கடைத்தெருவில்தான் இரும்புச் சாமான் கடை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. முன்பெல்லாம் கடை அடைத்த கையோடு வீட்டுக்கு வந்துவிடுவார், நடந்து வருகிற தூரம்தான். போன ஓணத்துக்குப் பிறகு நேரம் தவற ஆரம்பித்தது. சோறு ஆறி அவியலில் எண்ணெய் மிதக்கும்போது வருவார். கேட்டால் "கடையில வேலை கெடந்து" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. நானும் எத்தனை விதமாகத்தான் கேட்பது? சட்டையை மோந்து பார்த்தேன். துருவும் மண்ணெண்ணெயும் மட்டும்தான் மணத்தன. அதுதான் என் சந்தேகத்தைக் கூட்டியது. ஒரு பூ வாசம், பவுடர் வாசம் இருந்திருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருப்பேன். ஒன்றுமே இல்லை என்றால் அவள் எவ்வளவு பெரிய கைகாரியாக இருக்க வேண்டும்.

அப்போதுதான் அவருக்குக் கீழ்க் கடைவாய்ப்பல் ஈறு வீங்கியது. பழவங்காடிப் பிள்ளையார் கோயிலுக்குப் பின்னால் ஒரு பல் டாக்டரிடம் நானே கூட்டிப்போனேன். சின்னப் பெண். பல்லைக் காப்பாற்றலாம், வேர் சிகிச்சை செய்யலாம், ஆனால் சாயங்கால வேளையில் பல தடவை வரவேண்டியிருக்கும் என்றாள். சாயங்காலம், அதுவும் தனியாக. நான் யோசிக்கவே இல்லை. "எடுத்துரலாம் டாக்டர், அவருக்கு அலைய முடியாது" என்றேன். டாக்டர் அவரைப் பார்த்தாள். அவர் என்னைப் பார்த்தார். "அவ சொன்னாச் சரிதான்" என்றார்.

இதய ஆபரேஷனுக்குப் பிறகு ரத்தம் உறையாமல் இருக்க அவர் ஒரு மாத்திரை சாப்பிட்டு வந்தார். பல் எடுக்கிறதுக்கு முன்னும் பின்னும் அதை நிறுத்தி வைக்க வேண்டும் என்று பல் டாக்டரும் இதய டாக்டரும் சொன்னார்கள். என்னிடம்தான் சொன்னார்கள், அவரிடம் இல்லை. எந்த மாத்திரை எதற்கு என்று அவருக்குத் தெரியாது. நான் உள்ளங்கையில் வைப்பதை விழுங்குவார். இத்தனை வருஷமும் அப்படித்தான். சொன்னபடி நிறுத்தினேன். அதுவரைக்கும் என்மேல் ஒரு குறை சொல்ல முடியாது.

பல்லை எடுத்தார்கள். பஞ்சை இறுகக் கடித்துக்கொண்டு ஆட்டோவில் என் தோளில் சாய்ந்து வந்தார். சூடு கூடாது, துப்பக் கூடாது, கொப்பளிக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். கஞ்சியை நன்றாக ஆறவைத்துக் கரண்டியால் ஊட்டினேன். கன்னத்தில் ஐஸ் வைத்தேன். அவருடைய போன் அடித்தால் நானே எடுத்துப் பேசினேன். அவரால் பேச முடியாது அல்லவா? உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. முன்னொரு தடவை மஞ்சள்காமாலையில் படுத்திருந்தபோதும் இப்படித்தான், கண்ணைத் திறந்தால் என்னைத் தேடுவார். எங்கள் கல்யாண வாழ்க்கையில் நல்ல நாட்கள் எவை என்று கேட்டால் நான் அந்தக் காமாலை நாட்களைத்தான் சொல்வேன்.

ஆனால் புண் சீக்கிரம் ஆறியது. வீக்கம் வடிந்தது. ஒரு நாள் காலையில் அவர் கட்டிலில் உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டு, குனிந்து எதையோ பிடித்து மேலே தூக்குவதுபோலக் கையைக் காட்டினார். கடை ஷட்டர். நாளைக்குக் கடை திறக்கிறேன் என்கிறார். முகத்தில் சிரிப்பு. எத்தனையோ நாளாக நான் பார்க்காத சிரிப்பு, அதுவும் வெளியே போவதற்கு.

அன்றைக்குத்தான் நிறுத்தி வைத்திருந்த மாத்திரையைப் பொடித்துக் கஞ்சியில் போட்டேன். எத்தனை என்று கேட்காதீர்கள். உப்புப் போடுகிறவள் எண்ணியா போடுகிறாள்? வாயை அலம்பச் சொல்லிப் பதிமுகத் தண்ணீரைக் கொடுத்தேன். "நல்லாக் கொப்பளிச்சுத் துப்புங்க, டாக்டர்தான் சொன்னாங்க" என்றேன். துப்பினார். தண்ணீரும் சிவப்பு, அதோடு வந்த ரத்தமும் சிவப்பு. அவருக்கே வித்தியாசம் தெரியவில்லை.

மறுநாள் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார். "எனக்குப் பச்சை வெள்ளம் தா பிள்ளே" என்றார். குழாயில் வருகிற வெறும் தண்ணீரைக் கேட்கிறார். "பச்சை வெள்ளத்துல கிருமி இருக்கும், புண்ணுக்கு ஆகாது" என்று சொல்லி இதையே நீட்டினேன். கொஞ்ச நேரம் தம்ளரை வாங்காமல் இருந்தார். பிறகு வாங்கிக்கொண்டார்.

அவருடைய அக்கா பிச்சம்மாள் மயினி அம்பாசமுத்திரத்தில் இருந்து பார்க்க வந்தாள். அதே நேரம் பக்கத்துக் கடை ஸ்ரீகுமாரும் இளநீரோடு வந்திருந்தார். மயினி வந்தவுடன் கட்டிலடியில் இருந்த கிண்ணத்தைத்தான் பார்த்தாள்.

"ஏளா, என்னளா இது! கிண்ணம் பூரா ரத்தமால்லா கெடக்கு!"

நான் வாயைத் திறக்கும் முன்னால் ஸ்ரீகுமார் சிரித்துவிட்டார்.

"ஐயோ சேச்சி, ரத்தம் ஒண்ணும் அல்ல. பதிமுகமாக்கும். இங்க எல்லா வீட்டிலயும் இதுதான் குடிக்குது. நோக்கிக்கோ, நான் குடிச்சுக் காட்டறேன்." பானையில் இருந்து ஒரு தம்ளர் மொண்டு குடித்தும் காட்டினார்.

"எங்க ஊர்ல தண்ணி தண்ணி மாதிரித்தான்யா இருக்கும்" என்று மயினி முணுமுணுத்தாள். வெட்கப்பட்டுப்போனாள், பாவம். இருந்தாலும் விடவில்லை. "இவன் மூஞ்சி ஏன் இப்படி வெளிறிக் கெடக்கு? எலே தம்பி, என்கூட ஊருக்கு வாறியா? வெள்ளிக்கிழமை மவனைக் காரை எடுத்துட்டு வரச்சொல்லுதேன். பத்து நாள் கெடந்து ஒடம்பத் தேத்திட்டு வா."

அவர் தலையசைத்தார். அந்த வேகத்தை நான் பார்த்தேன், சார். பல் எடுத்த வலியிலும் அப்படித் தலையசைக்க முடியுமா ஒரு மனிதனால்? "கடைய யாரு மயினி பாப்பா?" என்றேன். "அதை நான் நோக்கிக்கலாம்" என்றார் ஸ்ரீகுமார். யாரும் அவரிடம் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை அவர் போகக் கூடாது. அது மட்டும்தான் என் எண்ணம். அவர் சாக வேண்டும் என்று ஒரு கணம்கூட நினைத்ததில்லை. கஞ்சியில் பொடியைக் கொஞ்சம் கூட்டினேன். வெள்ளிக்கிழமை மயினி காரோடு திரும்பி வருகிற அன்று காலையில் அவரால் எழுந்திருக்க முடியவில்லை. தலையணை உறையை மாற்றிவிட்டு, தலைவாரி, சட்டை போட்டுவிட்டு, அதற்குப் பிறகுதான் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் அலங்கோலமாகப் போகக் கூடாது.

அங்கே டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ரத்தம் நிற்கவில்லை, உறையாமல் இருக்க ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாரா, சொன்னால் மாற்று மருந்து உடனே கொடுத்துவிடலாம் என்றார். ஸ்ட்ரெச்சரில் இருந்து அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னால் பிழைப்பார் என்று எனக்குத் தெரியும். பிழைத்தால் கார் வாசலில் நிற்கிறது என்பதும் தெரியும். "அதெல்லாம் நிறுத்தியாச்சு டாக்டர்" என்றேன். ஆமாம், நான்தான் கொன்றேன். எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்தும் போடுகிறேன்.

ஆனால் ஸ்ரீகுமார் உங்களிடம் சொன்னாரே, அதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. இவர் தினமும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, ஆணிப் பெட்டிமேல் சும்மா உட்கார்ந்திருப்பாராம். "வீட்டுல போகண்டே அண்ணாச்சி?" என்று கேட்டால், "கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போறேன், இங்க ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்கல்லா" என்பாராம். நீங்களே சொல்லுங்கள், சார். வெந்நீர் போட்டு, சோறு வடித்து, வேட்டியை மடித்து வைத்துக்கொண்டு நான் இங்கே காத்திருக்கிறேன். இதை விட்டுவிட்டு எந்த ஆம்பளையாவது இருட்டுக் கடையில் ஆணிப் பெட்டிமேல் உட்காருவானா?

ஸ்ரீகுமார் எதையோ மறைக்கிறார். நன்றாக மிரட்டிக் கேளுங்கள், அவள் பெயரைச் சொல்லிவிடுவார்.